மூன்றாம் மாடியில் ஓதம்

கஸ்பார் அந்த ஓட்டலுக்கு வந்து சேர்ந்த நான்காம் நாள், காலை பத்தேகால் மணிக்கு, கடலும் வந்து சேர்ந்தது.

அவருக்குக் கிடைத்திருந்தது மூன்றாம் மாடியில் முந்நூற்று ஏழாம் நம்பர் அறை. அதற்குச் சன்னல் கிடையாது. சன்னல் இல்லாத அறை மலிவு என்பதால் கப்பல் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். இல்லாத குறை தெரியக் கூடாதென்று ஓட்டல்காரர் சுவரில் நீளமாக ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்தார். ஆசையாக விலக்கிப் பார்த்தால் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்துதான் தண்ணீர் வந்தது. குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சிக்கொண்டு வரவில்லை, அணை உடைந்த மாதிரி பாய்ந்தும் வரவில்லை. பௌர்ணமி வெள்ளுவாவுக்கு ஊரில் கடல் பொங்கி ஓதம் ஏறுமே அப்படி, வரலாமா வரலாமா என்று கேட்டுக் கேட்டு, கட்டில் காலை நனைத்து, ஓட்டல்காரர் கொடுத்த காகிதச் செருப்பு இரண்டையும் தூக்கி மிதக்கவிட்டு, கதவுக்கு அடியில் நுழைந்து, நடைவழி நெடுக முழங்கால் உயரத்துக்கு ஏறி நின்றது. மாடிப்படி வரைக்கும் போனது. முதல் படியைத் தொட்டது. அதோடு சரி. இரண்டாம் மாடிக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. கட்டளைக்குக் கட்டுப்பட்ட பிள்ளை மாதிரி அங்கேயே நின்று, பன்னிரண்டரை மணிக்குத் திரும்பி, வந்த வழியே திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டது.

கஸ்பார் பயப்படவில்லை. நாற்பது வருடம் கட்டுமரமும் வள்ளமுமாகக் கடலிலேயே கிடந்தவர், கடல் ஒரு தடவை தன்னிடம் வருவதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தார். கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை விட்டு, ஒரு சிரங்கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஆற்று ருசி கலந்த கரைத் தண்ணி இல்லை அது. நாற்பது பாகம் ஆழத்துக்கு வெளியே, கரை கண்ணுக்கு மறைந்த பிறகு இருக்கிற தண்ணி. டெல்வின் விழுந்த தண்ணி அதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

டெல்வின் அவருடைய ஒரே மகன். இருபத்துநாலு வயது. உவரிக்குத் தெற்கே அமலித்துறையில் பிறந்து, இனி வலையில் பிழைப்பில்லை என்று கப்பல் படிப்பு படித்து, சரக்குக் கப்பலில் தளத்து வேலைக்குப் போனவன். சீனத்துக் கரையில், சுவான்சோ நகரத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்ற ஒரு காலையில் ஆள் எண்ணியபோது அவன் இல்லை. அவன் பாய் சுருட்டாமல் கிடந்தது, தேநீர்க் கோப்பை பாதி இருந்தது, அவன் இல்லை. மூன்று நாள் தேடினோம் என்று கம்பெனிக்காரர்கள் கடிதம் போட்டார்கள். ஐந்தாவது வாரம் தகப்பனை அந்த நகரத்துக்கே வரவழைத்தார்கள். ஒரு மாத விசா. வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: கடலில் காணாமல் போன என் மகன் இறந்துவிட்டான் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவுதான். கம்பெனிக்கு இந்த ஊர் ஏஜெண்டாக இருந்த ஷூ என்கிற இளைஞன், மடிப்புக் கலையாத சட்டையோடு தினமும் காலையில் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வருவான். கஸ்பார் தலையை ஆட்டுவார். அவன் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவான்.

கையெழுத்துப் போடாததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, ஊர்ச் சட்டம். கரையில் இருக்கிறவன் தன் வாயால் செத்தான் என்று சொல்லாத வரைக்கும் கடல் ஒருத்தனைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாது, என்றைக்காவது ஒருநாள் கொண்டுவந்து ஒதுக்கியே தீரும் என்பது அமலித்துறையில் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது, அவர் மனைவி ரெமிஜியாள். புறப்படுகிற அன்று அவள் அழவில்லை. பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வாசலை மறித்து நின்று சொன்னாள்:

"கூட்டிட்டு வாங்க, இல்ல கொண்டுட்டு வாங்க. வெறுங்கைய வீசிட்டு மட்டும் வந்துராதிய."

அன்றிலிருந்து அவள் உலை வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள். கோயிலில் கொடுக்கிற கஞ்சியில் ரெண்டு வாய் குடிக்கிறாளாம். அவளிடம் பேசினால் ஒரே கேள்விதான் கேட்டாள், இன்னைக்கு என்ன ஆச்சு என்று. இன்றைக்குக் கடல் அறைக்கு வந்தது என்று கஸ்பார் சொன்னபோது அவள், "வரட்டும். அப்ப அவனுக்கும் வழி தெரிஞ்சிருக்கு" என்றாள்.

ஓட்டல் முதலாளி சென், கடல் வந்த முதல் நாள் பத்து வாளியும் நான்கு துடைப்பானும் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் குழாய்க்காரனைக் கூட்டிவந்தார். அவன் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இது குழாய் இல்லை, கடல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் தண்ணீர் ஐம்பது நிமிடம் பிந்தி வந்தது. நான்காம் நாள் இன்னும் ஐம்பது நிமிடம் பிந்தியது. கடல் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது என்று தெரிந்ததும் சென்னுக்கு நிம்மதி வந்துவிட்டது. காலைச் சாப்பாடு ஏழிலிருந்து ஒன்பதரை வரை, அறையைக் காலி செய்ய வேண்டியது பன்னிரண்டு மணிக்குள் என்கிற பலகைக்குக் கீழே, மூன்றாம் மாடியில் ஓதம் வரும் நேரம் என்று இன்னொரு பலகை மாட்டினார். கடல் நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால் அதைச் சுண்ணாம்புக்கட்டியால் தினமும் எழுதினார்கள். காகிதச் செருப்புக்குப் பதிலாக முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பிந்திப் பிந்திச் சாயங்காலம் வரைக்கும் போன ஓதம், பிறகு பகலில் வருவதுதான் எல்லாருக்கும் வசதி என்று புரிந்துகொண்ட மாதிரி, மறுபடியும் காலைக்கே வந்துவிட்டது.

அதே மாடியில் முந்நூற்று மூன்றில் ஆம்பூர்க்காரர் முனவ்வர் பாய் தங்கியிருந்தார். செருப்பு அடிப்பாகம் வாங்க வருடத்தில் நாலு தடவை வருகிறவர், சீனம் சரளமாகப் பேசுவார், கஸ்பாருக்கு அந்த ஊரில் வாய்த்த ஒரே தமிழ்வாய். அவர் தன் மாதிரிச் செருப்புகளையெல்லாம் அலமாரிக்கு மேல் ஏற்றிவைத்துவிட்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்துவந்து கதவைத் தட்டினார்.

"அண்ணே, பதினொரு வருசமா இந்த ஓட்டலுக்கு வர்றேன். குழாய்ல வெந்நீர் ஒருநாள் ஒழுங்கா வந்ததில்ல. நீங்க வந்து நாலு நாள் ஆவல, உங்களுக்குக் கடலே வருது."

கஸ்பார் பல நாளுக்குப் பிறகு சிரித்தார். சிரித்ததற்காக அன்று முழுக்க வெட்கப்பட்டார்.

பிறகு ஊர் வந்தது. முதலில் துணி வெளுக்கிற பெண்கள் வந்து நடைவழிக் கம்பளத்தில் ஒதுங்கிய மட்டிச் சிப்பியைப் பொறுக்கினார்கள்; மறுநாளிலிருந்து காலைக் கஞ்சியில் உப்பு முட்டைக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் மட்டி வந்தது. அப்புறம் கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். கடற்கரையில் காற்று அடிக்கும், வெயில் அடிக்கும், கூட்டம் அடிக்கும். இங்கே அதெல்லாம் இல்லை, குழல் விளக்கு வெளிச்சத்தில் அலை கூட அடக்கமாக இருந்தது. வெள்ளைப் பாவாடை தண்ணீரில் பரந்து மிதக்க, கோட்டுப் போட்ட மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு முந்நூற்று நாலுக்கும் முந்நூற்று ஆறுக்கும் நடுவில் நிற்பான். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து குச்சியை விட்டு அளந்து, நீர்மட்டம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது என்று சீல் வைத்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இணையத்தில் ஒரு விருந்தினர், தரை கொஞ்சம் ஈரம், பணியாளர்கள் அன்பானவர்கள், கடல் இருக்கிறது ஆனால் சன்னல் இல்லை என்று எழுதி நாலு நட்சத்திரம் போட்டிருந்ததை முனவ்வர் வாசித்துக் காட்டினார். கடல் ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முந்நூற்று ஏழாம் அறைக்காரர் ஏன் வந்திருக்கிறார் என்றும் கேட்கவில்லை. வந்ததெல்லாம் வந்ததுதான், அதில் நமக்கு என்ன ஆகும் என்பதுதான் பேச்சு.

சென்னுக்கு மட்டும் ஒன்று புரிந்திருந்தது. இந்த மனிதர் இருக்கிற வரைக்கும்தான் கடல் இருக்கும். ஆகையால் அவர் தினமும் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம் அனுப்பினார், தலையணை மாற்றினார், ஏஜெண்டு ஷூ வந்தால் கீழேயே உட்காரவைத்துத் தேநீர் ஊற்றி நேரம் கடத்தினார். ஷூ தன் வேலை போய்விடும் என்று பயந்து காகிதத்தோடு மேலே ஓடிவருவான். ஒருவனுக்கு டெல்வின் செத்தாக வேண்டும். இன்னொருவனுக்கு அவன் சாகவே கூடாது. இரண்டு பேருக்கும் அவன் பெயரை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

மூன்றாம் மாடியைக் கூட்டித் துடைக்கிறவள் சியூச்சின். ஐம்பது வயதிருக்கும். எதிரே உள்ள ஒரு தீவில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, புருசனையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு இங்கே துடைப்பான் பிடித்தவள். அவளும் கஸ்பாரும் பேசிக்கொள்ள ஒரு கைப்பேசி இருந்தது. அவள் சீனத்தில் சொல்வாள். கைப்பேசிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பாதிரியார் பிரசங்கத்தில் கூடக் கேட்காத செந்தமிழில், "ஐயா, தாங்கள் உணவு உட்கொண்டீர்களா" என்று கேட்கும். முதலில் கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது. போகப் போக அந்தக் குரல் சியூச்சினின் குரலாகவே ஆகிவிட்டது. ஒருநாள் டெல்வினின் படத்தைக் காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நெடுநேரம் பார்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் தீவிலிருந்து ஒரு பழைய வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.  இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்து பிய்ந்த கண்ணியை முடிந்தார்கள்; அவள் போட்ட முடிச்சும் அவர் போட்ட முடிச்சும் ஒன்றாகவே இருந்தது. முந்நூற்று ஒன்றின் கதவுப் பிடியில் ஒரு தலைப்பையும் தீயணைக்கும் குழாய்ப் பெட்டியில் மறு தலைப்பையும் கட்டி, மாடிப்படிக்கு முன்னால், நடைவழிக்குக் குறுக்கே வலையைப் போட்டார் கஸ்பார். படம் எடுக்க வந்த ஜோடிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வலை விழுந்த பிறகு பன்னிரண்டு நாள் ஓதம் வந்தது, போனது. ஒருநாள் ஒரு மரப்பலகை. ஒருநாள் ஒற்றைக் கையுறை, அது டெல்வினுடையது இல்லை. ஒருநாள் வாலை வளைத்துக்கொண்டு ஒரு விலாங்கு. அதைச் சமையல்காரன் கேட்டு வாங்கிக்கொண்டான். மிச்ச நாள் எல்லாம் வெறும் வலை. விசா முடிய நாலு நாள் இருந்தது.

அன்று ஒன்பது மணிக்கே தண்ணீர் வந்துவிட்டது. பத்து மணிக்கு வலையில் ஒரு ஆள் வந்தான்.

முனவ்வர்தான் முதலில் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. கதவைத் தட்டி, "அண்ணே, கொஞ்சம் வாங்க" என்றார், அந்தக் குரலிலேயே கஸ்பாருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீரை விலக்கிக்கொண்டு போனார். போகிற அந்தப் பத்துப் பன்னிரண்டு எட்டில், ஒவ்வொரு எட்டுக்கும் அவர் மாதாவிடம் மாற்றி மாற்றி வேண்டினார், அவனாக இருக்கட்டும், அவனாக இருக்க வேண்டாம் என்று. நீலக் கப்பல் உடுப்பு. வெறுங்கால். முகம் வலைக்குள் சாய்ந்து, தூங்குகிற மாதிரிதான் இருந்தது. கஸ்பார் அந்த முகத்தைத் திருப்பினார்.

டெல்வின் இல்லை. அவனைவிட ஒரு சாண் குள்ளம். அகன்ற கன்னம், தலையோடு ஒட்டின காது. இடது மணிக்கட்டில் நாலு எழுத்துப் பச்சை குத்தியிருந்தது. அது தமிழும் இல்லை, சீனமும் இல்லை, முனவ்வருக்குத் தெரிந்த உருதும் இல்லை. யாரோ பெற்ற யாரோ. அவனுக்கும் எங்கேயோ ஒரு வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

செய்தி தண்ணீரைவிட வேகமாகக் கீழே இறங்கியது. சென் ஓடிவந்தார். வெளியே ஐந்து ஜோடி காத்திருக்கிறது, போலீஸ் வந்தால் மாடியைப் பூட்டிவிடுவார்கள், பதினொன்றரைக்கு ஓதம் திரும்பும், வலையை அவிழ்த்துவிட்டால் வந்தது வந்த வழியே போய்விடும், யாருக்கும் சங்கடமில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னார். சியூச்சின் துடைப்பான் கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் கைப்பேசி திணறித் திணறி, "கடலில் கிடைக்கும் நல்ல சகோதரரைத் திருப்பி அனுப்பலாகாது, அனுப்பியவர் வீட்டில் மீண்டும் எவரும் கரை சேரார்" என்றது. கடலில் கிடைக்கும் பிணத்தை அவள் தீவில் நல்ல சகோதரர் என்றுதான் சொல்வார்கள். கஸ்பாருக்கு அது மொழிபெயர்க்கத் தேவையில்லாத பேச்சு. அமலித்துறையிலும் அதே சட்டம்தான். வலையில் விழுந்த பிணம் வீட்டுப் பிணம். எவன் வலையில் விழுந்ததோ அவன் வீட்டிலிருந்துதான் பெட்டி புறப்பட வேண்டும். அவர் குடும்பக் கல்லறையில் அப்படி வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள், பெயர் தெரியாமல், ஆனால் கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி அவர்களுக்கும் மெழுகுவர்த்தி உண்டு.

அப்போதுதான் ஷூ வந்தான். மடிப்புக் கலையாத சட்டையோடு, பூட்ஸ் போட மறந்து, தண்ணீரில் நின்றான். உடலைப் பார்த்தான், கஸ்பாரைப் பார்த்தான், அவனுக்கும் தெரிந்தது. கெட்டவன் என்று சொல்ல முடியாத பையன். முனவ்வரைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினான். யாரென்று தெரியாத உடல் என்றால் போலீஸ் எடுத்துக்கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் நம்பர் போட்டு வைக்கும், வருடக் கணக்கில் கிடக்கும், பிறகு எரித்துவிடும். தகப்பன் என் மகன் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே எழுத்து முடியும், வெள்ளிக்கிழமை விமானத்தில் பெட்டி ஏறும். தகப்பன் சொன்னால் போதும், வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

முனவ்வர் இதைச் சொல்லிமுடித்தபோது தண்ணீர் திரும்ப ஆரம்பித்திருந்தது. வலை பின்பக்கமாகப் புடைத்தது. கடல் அந்தப் பையனை இழுத்தது, கண்ணி இரண்டு அறுந்தது, கஸ்பார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்தபடியே அவர் நினைத்தார். இவனை விட்டால் நம் கரையின் சட்டத்தை மீறினவன் ஆவேன் என்று நினைத்தார். அது உண்மை. இவனுக்கு ஒரு பிடி மண் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். அதுவும் உண்மை. இன்னும் நாலே நாலு ஓதம்தான் இருக்கிறது, நாலிலும் வெறும் வலையாகப் போனால் அந்த வாசலில் போய் எப்படி நிற்பது என்றும், இந்தச் சன்னல் இல்லாத அறையில் இன்னொரு காலை கண் விழிக்க முடியாது என்றும் நினைத்தார். இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மையாக இருந்தது; ஆனால் அதைச் சட்டத்துக்கு அடியில் போட்டு மூடிக்கொண்டார்.

முனவ்வர் அவர் காதருகே குனிந்து கேட்டார். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இது தம்பியா?"

"என் வலையில வந்திருக்கான், பாய்."

"நான் கேட்டது அதில்லண்ணே."

கஸ்பார் நிமிரவில்லை. "டெல்வின்தான்னு எழுதச் சொல்லும்" என்றார்.

முனவ்வர் நிமிர்ந்தார். பிறகு ஷூவிடம் சீனத்தில் சொன்னார், நாலைந்து வார்த்தைதான். ஷூ மண்டியிட்டு, இறந்தவனின் இடது சட்டைக்கையை மணிக்கட்டு மறைகிற வரைக்கும் இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டான். காகிதத்தைச் சுவரில் வைத்து, நகராட்சியின் சீல் வைத்த தாளுக்குப் பக்கத்தில், கஸ்பார் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பலகையில் எழுதியிருந்த நேரத்துக்கு ஓதம் வரவில்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏழு ஜோடி நடைவழியில் நின்றது. ஒரு மணப்பெண் அழுதாள். சென் முந்நூற்று ஏழுக்குள் வந்து திரைச்சீலையை விலக்கி, சுவரைத் தடவிப் பார்த்தார், உப்புக்கூட ஒட்டவில்லை. அன்றைக்கு ஆரஞ்சுப் பழம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று ரொம்ப மரியாதையாக ஒரு சீட்டு கதவுக்கு அடியில் வந்தது, முன்பு கடல் போன வழியாகவே.

கிளம்புகிற அன்று லிப்டு வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் சியூச்சின்தான். முனவ்வர் முந்தின நாளே தொழிற்சாலைக்குப் போனவர் போய்விட்டார், சொல்லிக்கொள்ளவில்லை. லிப்டின் கதவு திறந்ததும் அவள் அதைக் கையால் தடுத்து நிறுத்திக்கொண்டு, கைப்பேசியில் ஒன்று சொன்னாள். அது தெளிவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டது:

"ஐயா, இனி தங்கள் மகன் எவ்வழியாக வருவார்?"

கஸ்பார் பெட்டியை வாங்கிக்கொண்டு லிப்டுக்குள் போனார். அவள் கையை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

அமலித்துறையில் அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. துத்தநாகத் தகடு அடித்து ஈயம் வைத்து மூடின பெட்டி. திறக்கக் கூடாது என்று இரண்டு மொழியில் எழுதியிருந்தது. ரெமிஜியாள் திறக்கச் சொல்லவில்லை. பெட்டியின் மேல் நெற்றியை வைத்து, ஊரே கேட்க, பெற்ற நாளிலிருந்து கப்பலேறின நாள் வரைக்கும் ஒன்று விடாமல் பாடி அழுதாள். அவன் முதலில் நடந்த நாள், முதலில் நீந்தின நாள், காய்ச்சலில் கிடந்தபோது அவள் நேர்ந்த நேர்ச்சை, எல்லாம். யாரோ ஒருவன் அதையெல்லாம் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். குடும்பக் கல்லறையில் வைத்து, பளிங்கில் பெயர் வெட்டி, படம் பதித்தார்கள். வெறுங்கையோடு வராதவர் என்று கஸ்பாரின் கையைப் பிடித்து ஊர்ப் பெரியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடலில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறும் சிலுவையை நட்டுவைத்திருந்த இரண்டு தாய்மார் வந்து, தூரத்தில் நின்று, பொறாமையோடு பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் ரெமிஜியாள் தன் கையால் உலை வைத்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பந்தலில் இலை போட்டிருந்தார்கள், உறவும் ஊருமாக முதல் பந்தி எழுந்து போய், கஸ்பார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டே முக்கால். ரெமிஜியாள் கல்லறையில் பூ மாற்றிவிட்டு வந்து, தலையில் முக்காடு கூட எடுக்காமல், அவளே பரிமாறினாள். அவள் முகம் தெளிந்திருந்தது. கொண்டுவந்துட்டீங்க, அது போதும் எனக்கு என்று அன்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளம் எடுக்கும்போது அவருடைய கைப்பேசி அடித்தது. வெளிநாட்டு நம்பர். படத்தோடு வருகிற அழைப்பு. ஓட்டல் பதிவேட்டிலிருந்து அவர் நம்பரை எடுத்திருப்பாள் சியூச்சின்.

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், உள்ளிருந்து மூடின முந்நூற்று ஏழின் கதவு. புதிதாகக் கம்பளம் போட்டிருந்தார்கள், அது தண்ணீரில் பொங்கிக் கிடந்தது. அவள் கைப்பேசியைத் திருப்பிக் கீழே காட்டினாள்.

டெல்வின் அந்தத் திரைச்சீலைச் சுவரோரம் சாய்ந்திருந்தான். முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. மற்றபடி, காலையில் தூக்கம் கலையாமல் அடுப்படியில் வந்து உட்கார்வானே, அப்படி.

செந்தமிழ்க்குரல் சொன்னது. "ஐயா, நான் கதவைத் தாழிட்டுள்ளேன். எவரும் இன்னும் அறியார். இவர் தங்கள் மகன் எனில் கூறுங்கள், காவல் துறையினரை அழைக்கிறேன். இல்லையெனில் என் தம்பி படகுடன் காத்திருக்கிறான். எங்கள் தீவில் நல்ல சகோதரர்களுக்கு ஓர் இல்லம் உண்டு. அங்கே இடம் தருவோம். நீர் திரும்புகிறது. விரைந்து கூறுங்கள். இவரைத் தங்களுக்குத் தெரியுமா?"

கஸ்பார் அந்த முகத்தைப் பார்த்தார். தெரியும் என்றால், கல்லறையைத் திறக்க வேண்டும். கையெழுத்தைப் பொய்யென்று சொல்ல வேண்டும். அங்கே பெயரில்லாமல் கிடக்கிறவனைத் தோண்டி வெளியே எடுத்து, திரும்பக் குளிர்ப்பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. இந்தப் பக்கம் இலைக்கு மேலாகக் குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறாளே, இவளிடம் சொல்ல வேண்டும்; நீ முப்பது நாள் அழுதது யாருக்கோ என்று.

"தெரியாது" என்றார்.

பந்தலில் பேச்சுச் சத்தம். அந்தக் குரல் சிறிதும் மாறாமல் சொன்னது: "மன்னிக்கவும், தெளிவாகக் கேட்கவில்லை. மீண்டும் கூறவும்."

கஸ்பார் கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரையில் தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாது. யாருன்னே தெரியாது."

அது சீனத்தில் போய்ச் சேர்ந்தது. சியூச்சின் தலையை ஒருமுறை தாழ்த்தினாள். குனிந்து, தன் மேல்சட்டையைக் கழற்றி அவன் முகத்தின் மேல் போட்டாள். அழைப்பு நின்றது.

"யாரத் தெரியாதாம்?" என்று கேட்டாள் ரெமிஜியாள்.

"தெரியல. யாரையோ தேடுதாவ."

"பாவம்" என்றாள் அவள். குழம்புச் சட்டியை அடுத்த இலைக்குக் கொண்டுபோனவள் திரும்பி வந்து, அவர் இலையில் பெரிய மீன்துண்டாக ஒன்று பார்த்து வைத்து, ஆறிப்போகுது, சாப்பிடுங்க என்றாள். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்றாள்.